நான் இல்லையென்று சொன்ன சுவடு

என் சகலனின் ட்ரக்கில், சாரதி இருக்கைக்குப் பின்னால், முட்டை வரும் காகிதத் தட்டு ஒன்று எப்போதும் இருக்கும். பன்னிரண்டு குழிகள், பன்னிரண்டு கற்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு துண்டு ஒட்டுநாடா. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருவரின் குண்டு குண்டான எழுத்தில், கல் எடுத்த இடம் அதில் எழுதியிருக்கும். 'வாவா ஊர் தாண்டி, பெரிய வளைவு.' 'தண்டர் பே, எண்ணெய் அடிக்கிற இடத்துக்குப் பின்னால.' தட்டு நிறைந்ததும் பிறம்ரனில் அவருடைய வீட்டு நிலக்கீழ் அறைக்குப் போகும்; ட்ரக்குக்குப் புதிய தட்டு வரும். சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே, பாறையை வெடித்துத் திறந்த நெடுஞ்சாலைகளில், இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் அவர் ட்ரக் ஓடினார். உலகத்தின் மிகப் பழைய பாறைகளில் சில அந்தச் சாலையோரங்களில்தான் நிற்கின்றன என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவராகவே இறங்கிப் பார்த்தார்.

சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவன் நான். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு இருபது வருடம் புவியியல் படிப்பித்தவன். ஒரு குன்றுகூட இல்லாத ஊரில், மலையையே கண்டிராத பிள்ளைகளுக்கு, மடிப்பு மலைகள் எப்படி உண்டாகின்றன என்று வண்ணச் சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். வடிவான படங்கள், பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த மலைகளில் ஒன்றையும் நானும் கண்டதில்லை. ரொறன்ரோவுக்கு வந்தபின் ஒரு ஹோட்டலின் சலவை அறையிலும், பிறகு வாகனத் தரிப்பிடக் கூண்டுக்குள்ளும், கடைசியில் ஓர் அலுவலகத்தில் கோப்புகள் அடுக்கும் வேலையிலும் என் காலம் போயிற்று.

ஒரே வீட்டில் பெண்ணெடுத்த இரண்டு ஆண்களை எங்கள் ஆட்கள் ஒரே தராசில் வைத்துத்தான் பார்ப்பார்கள். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் லொறி ஓடினவர், நான் பட்டதாரி. ஊரில் தராசு என் பக்கம் சாய்ந்தே இருந்தது. ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே மாடிக்கட்டடத்தின் வெவ்வேறு தளங்களில் நாங்கள் குடியிருந்த ஆரம்ப வருடங்களில் அது மெல்ல மறுபக்கம் சாய்ந்தது. அவர் ட்ரக் லைசென்ஸ் எடுத்தார், வீடு வாங்கினார். அதையெல்லாம் என்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது. ஏனென்றால் ஒவ்வொரு பயணம் முடிந்து வரும்போதும் மின்தூக்கியில் ஏறி என் கதவைத் தட்டி, ஜக்கற் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து நீட்டி, "மாஸ்டர், இது என்ன இனம்?" என்று அவர் கேட்பார். நான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து ஒரு பெயர் சொல்வேன். பாதி வேளை அது சரியான பெயர்தானா என்று எனக்கே தெரியாது. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அவர் என்னை நம்பியதுதான் இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த ஒரே ஆசிரிய உத்தியோகம்.

அவுஸ்திரேலியப் பயணம் நடந்து ஏழு வருடமாகிறது. அடிலெய்டில் இருக்கும் என் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அக்காவும் தங்கையுமாக என் மனைவியும் அவருடைய மனைவியும் குழந்தையைப் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்கள் கால்களுக்குள் நிற்காமல் எங்கேயாவது போய் வாருங்கள் என்று விரட்டி, வடக்கே பாலைநிலத்தின் விளிம்பில் இருக்கும் ஒரு தேசியப் பூங்காவில் மகள் எங்களுக்கு மூன்று இரவுக்கு ஒரு சிறிய குடில் பதிவுசெய்து தந்தாள். அப்பா படிப்பித்த மலைகளை அப்பா பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. இடது பக்கத்தில் கார் ஓட எனக்குப் பயம். சகலன்தான் ஓடினார்.

கோதுமை வயல்கள் முடிந்து, சாம்பல் நிறப் பற்றைகள் தொடங்கி, பிறகு மண் சிவந்தது. வழியில் ஈமு ஒன்று கோடுபோட்ட ஏழெட்டுக் குஞ்சுகளோடு தெருவைக் கடந்தது. சகலன் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். "தாயைக் காணேல்லை. தேப்பன்தான் வளர்க்குது போல" என்றார். அது தாய்தான், பறவைகளில் குஞ்சு காப்பது தாய் என்று நான் திருத்தினேன். அதன் நடை ஆண் நடை என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் காரை எடுத்தார். ஈமுவில் அடைகாப்பதும் வளர்ப்பதும் தகப்பன்தான் என்று அன்று மாலையே பூங்காவின் ரேஞ்சர் பெண் சொன்னாள். சகலன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துச் சிரித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

ஒரு வளைவில் திரும்பியபோது மலை வந்தது. கரும்பலகையில் நான் இருபது வருடம் வரைந்த அதே வளைவு. கடலடியாக இருந்த படைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்து, நிமிர்ந்து, உடைந்து, செங்காவி நிறத்தில் வெயிலில் நின்றன. அன்று நான் மகிழ்ந்திருக்க வேண்டும். நானோ, அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். 'மாஸ்டர், இது என்ன?' என்று கேட்டவுடன் சொல்வதற்கு வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன். அவர் காரை ஓரமாக விட்டார், இறங்கிப்போய் வெட்டுப் பாறையில் உள்ளங்கையை வைத்தார். மாட்டின் கழுத்தைத் தடவுவதைப்போல, அதில் கல்லாகிப்போயிருந்த அலைத் தடத்தைத் தடவினார். அந்தக் கடைசி அலை ஐம்பது கோடி வருடங்களுக்கு முன்பே அடித்து ஓய்ந்துவிட்டது. அதன் வரிகள் அவருடைய விரல்களுக்கு இடையில் ஓடின. அவர் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை.

அன்று மாலை ரேஞ்சர் ஒரு சிறு கூட்டத்தை மலையடிவாரத்துக்குக் கூட்டிச் சென்றாள். நான் முந்திக்கொண்டு, எனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தில், இந்த மலைகள் உருவான விதத்தைப் பற்றி ஒரு சிறு விரிவுரை ஆற்றினேன். அவள் மரியாதையாகத் தலையாட்டினாள். சகலன், இந்தப் படை ஏன் எழும்பி நிற்கிறது, பக்கத்துப் படை ஏன் படுத்துக் கிடக்கிறது என்று உடைந்த ஆங்கிலத்தில் கையால் காட்டிக் கேட்டார். அவளுடைய முகம் மலர்ந்துவிட்டது. அதன்பிறகு அவள் கூட்டத்தை விட்டுவிட்டு அவரோடுதான் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். அவள் சொன்னவை காற்றில் துண்டு துண்டாக வந்தன. நான் அவற்றைக் கவனிக்கவில்லை. அவளுடைய பேச்சின் அடுத்த இடைவெளியில் நான் என்ன சொல்லலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் அப்படி ஒரு மாணவன் இருந்திருந்தால் எழுப்பி வெளியே விட்டிருப்பேன்.

பிறகு அவர் கையை நீட்டி மெதுவாக, "அங்கை" என்றார். எதிர்ச் சரிவின் கற்குவியலில் ஒரு வலபி நிற்கிறதாம். கங்காருவுக்குத் தம்பி முறையான விலங்கு. வாலில் வளையம் வளையமாகக் கோடு. பாறையின் நிறமே அதற்கு. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அதைப் பிரித்துப் பார்க்கக் கண் பழகவே பல வாரங்கள் ஆகும் என்றாள் ரேஞ்சர். எல்லாரும் தேடினார்கள். ஒவ்வொருவராக, ஆ, கண்டுவிட்டேன் என்றார்கள். எனக்குத் தெரிந்தது கல் மட்டுமே. "தெரியுதோ மாஸ்டர்?" என்று சகலன் என் தோளில் கைவைத்துக் கேட்டார். "ஓம், ஓம், வடிவாத் தெரியுது" என்றேன். அந்த விலங்கை நான் இன்றுவரை கண்டதில்லை. ஆனால் யூனியன்வில்லில் நான் நடக்கப் போகும் பூங்காவில் எத்தனையோ பேரிடம் அதன் வாலை வர்ணித்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை. கிளம்புகிற நாள். சூரியன் மலைக்கு மேலே முழுதாக ஏறியிருக்கவில்லை. காய்ந்த ஆற்றுப்படுகை வழியாக இருவரும் நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். கரை உடைந்து விழுந்த ஓரிடத்தில் அவர் நின்று, குந்தி, ஒரு கையைப் பின்னுக்கு நீட்டி என்னைக் கூப்பிட்டார். கதவுப் பலகையளவில் ஒரு மணற்கல் புரண்டு, அடிப்பக்கம் மேலே தெரியச் சாய்ந்து கிடந்தது. பக்கவாட்டு வெயில் அதன்மேல் தவழ்ந்தது. அதில் ஓர் இலைபோல, இலையில்லை, ஒரு பாதத்தின் அளவில் நீள்வட்டம். நடுவில் ஒரு கோடு. கோட்டின் இரு பக்கமும் சீப்பின் பற்கள்போல மெல்லிய வரிகள். நிழலால் மட்டும் வரைந்ததுபோல இருந்தது.

எனக்குத் தெரிந்தது. இதை மறைக்காமல் எழுத வேண்டும்: பார்த்த அந்தக் கணமே எனக்குத் தெரிந்தது. மேலோடும் எலும்பும் தோன்றுவதற்கு முன்பு கடலடியில் கிடந்த மென்னுடல் உயிர்களின் சுவடுகள் அந்த மலைகளில் உண்டு என்று நான் படித்திருக்கிறேன். படங்களில் கண்டிருக்கிறேன். என் வாழ்நாள் முழுவதும் நான் புத்தகத்தில் தேடிய ஒன்றை இவர் ஒரு காலை நடையில் குனிந்து எடுத்துக்கொண்டுவிட்டார். என் நெஞ்சுக்குள் எரிந்ததை வேறு பெயர் சொல்லி மறைக்க இப்போது விருப்பமில்லை. அது பொறாமை. பச்சைப் பொறாமை.

"சேத்தில காத்துக் குமிழி உடைஞ்ச அடையாளம். தண்ணி வத்தேக்கை இப்பிடித்தான் வரும்" என்றேன்.

"இல்லை மாஸ்டர், நடுவில கோடு ஓடுது பாருங்கோ. ரெண்டு பக்கமும் சமனாப் பிரியுது. குமிழி இவ்வளவு ஒழுங்கா உடையுமே?"

"இருவது வருசம் இதைப் படிப்பிச்சனான். எனக்குத் தெரியாதே?"

அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் கல்லைப் பார்த்தார். ரேஞ்சரிடம் ஒருக்கால் சொல்லிப் பார்ப்போமா என்றார். இப்படி எதையாவது கண்டால் தொடாமல் வந்து சொல்லச் சொல்லியிருந்தாளாம்.

"அந்தப் பிள்ளைக்கு முன்னால எங்களைப் பகிடியாக்காதையும்" என்றேன். படமெடுக்கத் தூக்கிய போனை அவர் இறக்கிச் சட்டைப்பையில் வைத்தார். "நீங்கள் சொன்னால் சரி" என்று எழும்பி, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

அத்தோடு விட்டிருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். மதியம் அவர் டயர்களைப் பார்த்து, பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி நான் ரேஞ்சரின் அலுவலகத்துக்குப் போனேன். ஒரு சுவடு கண்டிருக்கிறேன் என்றேன். கண்டிருக்கிறோம் என்று சொல்லவில்லை. அவள் தொப்பியை எடுத்துக்கொண்டு உற்சாகமாக என்னோடு வந்தாள். ஆற்றுப்படுகை வெள்ளை வெயிலில் கொதித்தது. இருபது கற்கள் புரண்டு கிடந்தன. எல்லாம் ஒன்றுபோலச் சப்பையாக, முகமே இல்லாமல் கிடந்தன. நான் ஒவ்வொன்றாகக் குனிந்து தடவினேன். ஒன்றுமில்லை. உச்சி வெயிலில் அவை தெரியாது, காலையிலோ மாலையிலோ சரிந்த வெளிச்சத்தில்தான் நிழல் விழுந்து தெரியும், முதல் மாலையே இதைச் சொன்னேனே என்றாள். சகலனோடு நடந்தபோது சொல்லியிருப்பாள். மாலைவரை நிற்க முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றேன். பலருக்கும் இப்படித் தோன்றுவது வழக்கம்தான் என்று கனிவாகச் சொல்லி என்னைத் திரும்பக் கூட்டிவந்தாள். சுவட்டைக் கண்டவர் அந்த நேரம் நூறு மீற்றர் தள்ளி, கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டிருந்தால் நேரே போய்க் கைவைத்திருப்பார். நான் கூப்பிடவில்லை.

ரொறன்ரோ திரும்பிச் சில மாதங்களில், நிலக்கீழ் அறையிலிருந்த தட்டுகளையெல்லாம் அவர் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பள்ளத்து ஓடையில் கொட்டிவிட்டார் என்று என் மனைவி தங்கையிடம் கேட்டு வந்து சொன்னாள். இடம் அடைக்கிறதாம். எனக்கு அப்போது துக்கம் வந்ததாகச் சொன்னால் அது இன்னொரு பொய். ஒரு சின்ன நிம்மதி வந்தது. அடுத்த வருடம் ட்ரக் ஓட்டத்தையும் விட்டார். வயது போகிறது என்று எல்லாரும் சொன்னோம். பிறகு அவருடைய சீனி வருத்தம், சலரோகம், கண்ணுக்கு ஏறியது. இடது கண் முதலில், சென்ற குளிர்காலத்தில் வலது கண். இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும்.

செய்தி கேட்டு நான் போனில் ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறித்து, "பறவாயில்லை மாஸ்டர். என்ர கண் எண்டைக்குத்தான் ஒழுங்காக் காட்டினது?" என்று சிரித்தார்.

மூன்று பஸ் மாறிப் பிறம்ரனுக்குப் போனேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம். அவருடைய மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். சுவரைப் பிடித்தபடி குசினிக்குள் போய், தடவித் தடவித் தானே தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குமிழி, ரேஞ்சர், உச்சி வெயில், ஒன்றையும் விடவில்லை.  அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்திருந்தேன். அதற்கு ஆயத்தமாகவும் போயிருந்தேன்.

"அப்ப அது என்ன?" என்று கேட்டார்.

ஏழு வருடங்களுக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட கல்லைப் பற்றிய கேள்வி. நான் சொன்னேன். மிருகமென்று விஞ்ஞானிகள் நம்புகிறார்கள், வாயில்லை, காலில்லை, உலகத்தில் கண் என்ற ஒன்று தோன்றுவதற்கும் முந்திய காலத்தது.

"கண்ணில்லாததோ? அப்ப என்ர கூட்டாளிதான்" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. அந்தப் பயணத்துக்குப் பிறகு எந்தக் கல்லை எடுத்தாலும், தான் காண்பது உள்ளதுதானா என்று ஒரு சந்தேகம் வரத் தொடங்கியதாம். அதனால்தான் கொட்டினாராம். "கல்லோடை நிண்டிருந்தால் பறவாயில்லை. றோட்டிலையும் வந்திட்டுது, மாஸ்டர். முன்னால நிக்கிறது மானோ நிழலோ எண்டு எனக்கே என்னிலை நம்பிக்கையில்லை. நிழலுக்கு பிரேக் அடிச்சன். பிறகு ஒருநாள், நிழல் எண்டு நினைச்சு மானை அடிச்சன். அண்டைக்குத்தான் ட்ரக்கின்ர திறப்பைத் திருப்பிக் குடுத்தனான்."

அப்போதே சலரோகம் கண்ணில் தொடங்கியிருக்கலாம் அல்லவா என்று நான் மெல்லக் கேட்டேன். கேட்டவுடனே எதற்காகக் கேட்டேன் என்று எனக்கே விளங்கியது. "இருக்கலாம்" என்றார் அவர். அதற்குமேல் எனக்கு எதையும் தரவில்லை.

தேத்தண்ணி ஆறியது. போனில் எழுத முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அந்தப் பூங்காவுக்கு எழுதச் சொன்னார். வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து படுகையில் இறங்கி இடது கரையோடு போக, அடிமரம் இரண்டாகப் பிளந்து, ஆள் நுழையக்கூடிய வாசலோடு ஒரு பெரிய மரம். அங்கிருந்து அறுபது காலடி. கரை உடைந்த முகத்தில் சிவப்புக்கு நடுவே விரல் தடிப்பில் ஊதா வரி ஒன்று. அந்த வரி முடியும் இடத்துக்கு நேர் கீழே. ஒளி கிழக்கிலிருந்து வரும்போது தெற்கே நின்று பார்க்க வேண்டும். மூடிய கண்களோடு, வலது கை காற்றில் அந்தக் கரையைத் தடவ, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார். நானும் அதே படுகையில் நடந்தவன். எனக்கு மரமே நினைவில்லை. அறுபது காலடி என்று எழுதிக்கொண்டிருந்தபோது, பாவமன்னிப்புக் கேட்கப் போன அந்த மேசையிலேயே, எனக்கு மறுபடியும் பொறாமை வந்தது. அந்த மனிதர் கண்ணில்லாமலும் அங்கே நின்றுகொண்டிருந்தார். கண்ணிருந்த நான் அங்கே ஒருநாளும் போய்ச் சேரவில்லை.

கண்டவர் என்ற இடத்தில் அவருடைய பெயரை எழுதினேன். "அப்ப ஏன் அண்டைக்கே சொல்லேல்லை எண்டு அவை கேப்பினம்" என்றார்.

"ஓம்."

"அதையும் எழுதுங்கோ. உங்கட பேரோடை."

எழுதினேன். கூட வந்த நான் அது என்னவென்று தெரிந்துகொண்டே, பொறாமையால் இல்லையென்று சொன்னேன். பிறகு என்னுடையதாகக் காட்ட முயன்றேன். ஆங்கிலத்தில் மூன்று வரி. வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொருமுறை மெதுவாக வாசிக்கச் சொன்னார். பிறகு, அனுப்பலாம் என்றார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இனி வராதே என்றும் சொல்லவில்லை.

பதில் இரண்டு நாளில் வந்தது. அங்கே இப்போது கடும் கோடை, பாதைகளை மூடியிருக்கிறார்கள். வெக்கை தணிந்ததும் ஒரு காலையில் போய்ப் பார்த்து, இருந்தால் படமெடுத்து அனுப்புகிறார்களாம். ஆற்றில் வெள்ளம் வந்து கல்லைப் புரட்டியிருக்கவும் கூடும் என்றும் எழுதியிருந்தார்கள். அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "படம் வந்தால் நீங்கள்தான் பாத்துச் சொல்லவேணும்" என்றார். "வேறை ஆரிட்டைக் கேக்கிறது? இஞ்சை உதுகளைத் தெரிஞ்சவர் நீங்கள்தானே."

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் தொலைபேசி அடிக்கிறது. "வந்ததோ?" என்று கேட்கிறார். "இல்லை" என்கிறேன். உண்மையாகவே இன்னும் வரவில்லை. ஆனாலும் மறுமுனையில் ஒவ்வொரு நாளும் ஒரு சின்ன மௌனம். நான் சொன்ன இல்லையை அவர் அந்த மௌனத்தில் நிறுத்துப் பார்க்கிறார். அவர் பார்த்து முடிக்கும்வரை நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.